போட் மெயில் போன பாதை

மலருக்குக் கட்டுரை கேட்ட சங்கச் செயலாளர், "பொறியியல் எழுதினாலும் சரி, சரித்திரம் எழுதினாலும் சரி, ஆனால் கடைசி வரைக்கும் படிக்கிற மாதிரி இருக்கணும்" என்று ஒரு நிபந்தனை போட்டார். இரண்டையும் சேர்த்து எழுதலாம் என்று நினைத்தபோது நினைவுக்கு வந்தது போட் மெயில். நம் ஊர்க்காரர் ஒருவர் ரயிலேறி, கப்பலேறி, மறுபடி ரயிலேறி அடுத்த நாட்டு நண்பர் வீட்டு வாசலில் போய் இறங்கிய காலம் ஒன்று இருந்தது. அதற்கு விமானம் தேவைப்படவில்லை, பெரிய பணமும் தேவைப்படவில்லை. அந்தப் பாதை எப்படி உண்டானது, எப்படி அறுந்தது, இன்று எந்த நிலையில் இருக்கிறது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

நாகப்பட்டினத்தில் ஆரம்பம்

தென் தமிழ்நாட்டின் ரயில் சரித்திரம் நம் டெல்டாவில்தான் தொடங்குகிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. லண்டனில் பதிவான கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே என்ற கம்பெனி தன் தலைமையகத்தை நாகப்பட்டினத்தில் வைத்துக்கொண்டு, 1861-ல் நாகையிலிருந்து திருவாரூர் வழியாகத் தஞ்சாவூருக்கு ரயில் விட்டது. அடுத்த வருஷம் அது திருச்சியை எட்டியது. துறைமுகத்திலிருந்து உள்நாட்டுக்கு லைன் போட்டதன் நோக்கம் வெளிப்படை. உள்ளே விளைவது கப்பலுக்கு வரவேண்டும். தஞ்சை ஜில்லாவின் அரிசி அந்தக் காலத்தில் இலங்கைக்கு நிறையப் போனது. அங்கே மலையில் காப்பித் தோட்டங்கள் பெருகியிருந்தன. தோட்டத்தில் வேலை செய்தவர்கள் தமிழர்கள், அவர்கள் சாப்பிட்டதும் நம் அரிசி. திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, ராமநாதபுரம், சேலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து போனவர்கள்தான் பெரும்பாலோர். ஆக, நண்பர்கள் போய் வருவதற்கு முன்னாலேயே நெல்லும் கூலியும் போய் வந்த பாதை இது.

இந்த இடத்தில் ஒரு தொழில்நுட்பச் செய்தியைக் குறித்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேலைக்கு வரும். நாகை–திருச்சி லைன் முதலில் போடப்பட்டது பிராட் கேஜில், அதாவது 5 அடி 6 அங்குல அகலத்தில். இலங்கையில் 1864-ல் முதல் ரயில் ஓடியபோது அவர்கள் எடுத்துக்கொண்டதும் அதே 5 அடி 6 அங்குலம். ஆனால் 1874-ல் நம் கம்பெனி இன்னொன்றோடு இணைந்து சவுத் இந்தியன் ரயில்வே ஆனது. செலவைக் குறைக்க வேண்டும் என்று 1870-களிலேயே நம் லைனைப் பெயர்த்து மீட்டர் கேஜாக மாற்றிவிட்டார்கள். அண்ணன் தம்பி மாதிரி ஒரே அளவில் பிறந்த இரண்டு ரயில் பாதைகள் அதோடு அளவு மாறிப் போயின.

1880-க்குள் தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம், மாயவரம், சிதம்பரம், விழுப்புரம் வழியாகச் சென்னை வரை மெயின் லைன் முடிந்துவிட்டது. விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்கு நேரே போகும் கார்டு லைன் வந்தது 1920-களின் கடைசியில்தான். அதுவரை எழும்பூரில் புறப்பட்டுத் தெற்கே போகிற எந்த ரயிலும் சுவாமிமலை, பாபநாசம், அய்யம்பேட்டை, திட்டை என்று நம் வயல்களின் நடுவே வந்து, தஞ்சாவூரில் தண்ணி பிடித்துக்கொண்டுதான் போயாக வேண்டும்.

தூத்துக்குடியிலிருந்து தனுஷ்கோடிக்கு

போட் மெயில் முதலில் போனது தூத்துக்குடிக்கு. 1876-ல் தூத்துக்குடிக்கு ரயில் வந்த பிறகு, அங்கே இறங்கிக் கப்பலேறி, ஒரு ராத்திரி முழுக்கக் கடலில் ஆடி, மறுநாள் கொழும்பில் இறங்குவார்கள். அந்தக் கடல் வழியில் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி வைத்ததுதான் சட்டம். அதை எதிர்த்துத்தான் வ.உ.சி. 1906-ல் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைத் தொடங்கி, 'காலியா', 'லாவோ' என்ற இரண்டு கப்பல்களைத் தூத்துக்குடி–கொழும்பு மார்க்கத்தில் விட்டார். சுதந்திரப் போராட்ட சரித்திரத்தின் அந்த அத்தியாயம் நடந்தது போட் மெயில் பயணிகளை வைத்துத்தான் என்பதைப் பள்ளிக்கூடப் புத்தகங்கள் நமக்குச் சொல்லவில்லை.

ராமேஸ்வரம் பக்கம் கடல் குறுகலானது என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆதாம் பாலத்தின் மணல் திட்டுகள் மேலேயே தண்டவாளம் போட்டு நேரே இலங்கைக்கு ரயில் விட்டுவிடலாமா என்று கூட ஆராய்ந்தார்கள். கணக்குப் போட்டுப் பார்த்து, செலவு தாங்காது என்று கைவிட்டார்கள். அதற்குப் பதிலாக வந்ததுதான் தனுஷ்கோடித் திட்டம். பாம்பன் வாய்க்காலுக்கு மட்டும் பாலம் கட்டுவது, தீவின் கோடி வரை ரயிலைக் கொண்டுபோவது, மிச்சமிருக்கும் சுமார் 22 மைலைக் கப்பலில் கடப்பது, அக்கரையில் தலைமன்னாரில் இலங்கை ரயில் தயாராக நிற்பது.

பாம்பன் பாலத்தைப் பற்றி ஒரு சிவில் இன்ஜினீயர் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டான், ஆகவே சுருக்கிக்கொள்கிறேன். 1911-ல் வேலை தொடங்கி 1914 பிப்ரவரி 24-ல் திறந்தார்கள். இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிக நீளம். நடுவில் கப்பல் போவதற்காக, இரண்டு கைகளைத் தூக்கிக் கும்பிடுகிற மாதிரி இரு பக்கமும் மேலெழும்பும் ஷெர்சர் தூக்கு. இந்தத் தூக்கைத் திறக்க மோட்டார் கிடையாது. ஆட்கள் நெம்புகோலைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி நடந்தால் பாலம் திறக்கும். உப்புக் காற்று, புயல், பவளப் பாறை எல்லாவற்றையும் தாங்கி அந்தப் பாலம் நூறு வருஷத்துக்கு மேல் ரயிலைச் சுமந்தது.

1914-லேயே கப்பலும் ஓட ஆரம்பித்தது. முதலில் 'கர்சன்', 'எல்ஜின்', 'ஹார்டிஞ்ச்' என்று வைஸ்ராய்களின் பெயர் வைத்த கப்பல்கள், பிற்பாடு 'இர்வின்', 'கோஷன்'. சென்னையில் ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் ரயிலேறினால் மறுநாள் பிற்பகல் தனுஷ்கோடி. ஜெட்டியிலேயே ரயில் போய் நிற்கும். இரண்டு இரண்டரை மணி நேரக் கடல். அந்தி மயங்கும்போது தலைமன்னார். அங்கே பிராட் கேஜ் ரயிலில் ஏறிப் படுத்தால் அடுத்த நாள் காலை கொழும்புக் கோட்டை. எழும்பூரிலேயே கொழும்பு வரைக்கும் ஒரே டிக்கெட். யாழ்ப்பாணம் போகிறவர்கள் நடுராத்திரி மதவாச்சி ஜங்ஷனில் இறங்கி, வடக்கே போகிற ரயிலுக்கு மாறிக்கொள்ள வேண்டும்.

எல்லோருக்கும் பயணம் ஒரே மாதிரி இருந்துவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தோட்ட வேலைக்குப் போனவர்கள் மண்டபத்தில் இறக்கப்பட்டார்கள். அங்கே இலங்கை அரசாங்கம் நடத்திய தொற்றுத்தடுப்பு முகாமில் பல நாள் தங்க வைத்து, மருந்து போட்டு, சோதனை முடித்த பிறகுதான் கப்பல். முதல் வகுப்புக்காரர் தொப்பியைக் கழற்றாமல் போய்விடுவார். மண்டபம் கேம்ப் என்ற ஸ்டேஷன் பெயர் அப்படி வந்ததுதான்.

நல்லூர் தேருக்குப் போன தாத்தா

என் தாத்தா பாபநாசம் தாலுகாக்காரர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். அந்த நாளில் சிதம்பரத்தில் இலங்கை மாணவர்கள் நிறைய. பல்கலைக்கழகம் தொடங்கிய சில வருஷத்தில் அங்கே தமிழ்ப் பேராசிரியராக இருந்தவரே மட்டக்களப்பில் பிறந்த சுவாமி விபுலானந்தர்தான். தாத்தாவின் ஹாஸ்டல் நண்பர் ஒருவர் யாழ்ப்பாணத்துக்காரர். படிப்பு முடிந்த பிறகு, 1955-ல் நல்லூர்த் திருவிழாவுக்கு வரச் சொல்லி அவர் எழுதினார். தாத்தா கிளம்பிவிட்டார்.

அதற்குள் காலம் கொஞ்சம் மாறியிருந்தது. 1948-ல் இலங்கை கொண்டுவந்த குடிவரவுச் சட்டத்துக்குப் பிறகு பாஸ்போர்ட், விசா என்று காகிதங்கள் வந்துவிட்டன. "அதுக்கு முன்னாடி எங்க சித்தப்பா எல்லாம் மாயவரம் போற மாதிரி போயிட்டு வந்தாங்கடா" என்பார் தாத்தா. முந்தின நாள் பாபநாசத்தில் பாசஞ்சர் பிடித்துத் தஞ்சாவூர், திருச்சி. திருச்சி ஜங்ஷனில் விடியற்காலை போட் மெயில். பையில் நாலு கவுளி கும்பகோணம் வெற்றிலை, பாட்டி கொடுத்த வடாம், நண்பரின் தங்கைக்குத் தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை. அதே பெட்டியில் நம் பக்கத்து நாதஸ்வர கோஷ்டி ஒன்றும் நல்லூருக்குப் போய்க்கொண்டிருந்ததாம். யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழா என்றால் தஞ்சை ஜில்லா நாதஸ்வரமும் தவிலும் இல்லாமல் நடக்காது. அதேபோல அங்கிருந்து வந்த யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி தவிலை எடுத்தால் இங்கே நம் வித்வான்களே உட்கார்ந்து கேட்பார்கள். அவருடைய தவிலும் இந்தக் கடலைத் தாண்டித்தான் வந்து போனது.

கப்பலில் பாதிப் பேருக்குத் தலை சுற்றல். நாதஸ்வரக்காரர் ஒருவர் மட்டும் "காவேரியில பரிசல்ல போனவனுக்கு இது என்னங்க" என்று சொல்லிவிட்டு ஐந்து நிமிஷத்தில் படுத்துவிட்டார் என்று தாத்தா ஒவ்வொரு தடவையும் சிரித்துச் சிரித்துச் சொல்வார். மறுநாள் காலை யாழ்ப்பாணம் ஸ்டேஷனில் நண்பர் நின்றாராம். "நீ கோச்சியில வந்து இறங்குவாய் எண்டு நான் நம்பேல்லையடாப்பா" என்றாராம். பத்து நாள் அங்கே இருந்துவிட்டு, பனாட்டும் ஒடியலும் பனங்கட்டியுமாகத் திரும்பி வந்தார் தாத்தா. 1963-ல் எங்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்றுக்கு நண்பர் அதே போட் மெயிலில் வந்து போனார். அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தது அதுதான் கடைசி.

அறுந்த வரிசை

அடுத்த வருஷம் வந்தது 1964. அந்த ஒரே வருஷத்தில் இரண்டு காரியங்கள் நடந்தன.

முதலாவது அக்டோபர் 30-ல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம். மலையகத்தில் மூன்று நான்கு தலைமுறையாக இருந்த மக்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது, மீதியைப் பிறகு பார்ப்பது என்று இரண்டு அரசாங்கங்கள் மனிதர்களைப் பங்கு பிரித்தன. மலையகத்தில் ரயிலுக்குக் கோச்சி என்று பெயர். வீடு வாசலையும் சொந்தத்தையும் விட்டுவிட்டுத் தலைமன்னாருக்குப் போனவர்களை ஏற்றிச் சென்ற ரயிலை 'அழுகைக் கோச்சி' என்றார்கள். தாத்தா திருவிழாவுக்குப் போன அதே தண்டவாளத்தில்தான் எதிர்த்திசையில் இவர்கள் வந்தார்கள். மண்டபம் முகாமில் இறங்கி, கூடலூர், கோத்தகிரி என்று தெரியாத மலைகளுக்கு அனுப்பப்பட்டார்கள். அரசாங்கம் அங்கே தேயிலைத் தோட்டம் போட்டது இவர்களுக்காகத்தான். கொஞ்சம் பேர் பாட்டன் பெயரையும் ஊர்ப் பெயரையும் மட்டும் வைத்துக்கொண்டு திருச்சி, தஞ்சாவூர் பக்கமும் வந்து தேடினார்கள். ஊர் இருந்தது, அவர்களை அடையாளம் கண்டுகொள்ளத்தான் ஆளில்லை.

இரண்டாவது புயல். டிசம்பர் 22 நள்ளிரவு. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட 653-ம் எண் பாசஞ்சர் ரயில், ஊரை எட்டும் முன்பே எழும்பி வந்த கடலில் முழுகியது. உள்ளே இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை. விடிந்தபோது தனுஷ்கோடியில் ஸ்டேஷன், ஜெட்டி, சுங்க அலுவலகம், தபால் ஆபீஸ், பள்ளிக்கூடம், கோயில், சர்ச் எல்லாம் போயிருந்தன. பாம்பன் பாலத்தில் பெரும்பாலான கர்டர்கள் கடலுக்குள். ஷெர்சர் தூக்கு மட்டும் அசையாமல் நின்றது. அப்போது இளம் இன்ஜினீயராக இருந்த ஈ. ஸ்ரீதரனிடம் பாலத்தைச் சரிசெய்யும் வேலை வந்தது. கடலில் கிடந்த கர்டர்களைத் தேடி எடுத்து 46 நாளில் ரயிலை ஓட்டிக் காட்டினார். பிற்காலத்தில் கொங்கண் ரயிலும் டெல்லி மெட்ரோவும் கட்டிய அதே மனிதர்தான்.

பாலம் மீண்டது, தனுஷ்கோடி மீளவில்லை. கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்குப் போக ஆரம்பித்தது. கடைசியாக ஓடியது 'ராமானுஜம்' என்ற கப்பல். தாத்தாவுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. 1981-ல் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது நண்பர் எழுதிய கடிதத்தைத் தாத்தா வெகுநாள் பத்திரமாக வைத்திருந்தார். சுமார் 97,000 புத்தகங்கள். "நாங்க ரெண்டு பேரும் அந்தப் படிக்கட்டில உக்காந்து இருப்போம்னு சொல்லிக் கூப்பிட்டான், போகல" என்பார். 1983 கலவரத்துக்குப் பிறகு 1984-ல் கப்பல் நின்றது. 1990-ல் தலைமன்னார் லைன் நின்றது, யாழ்ப்பாணத்துக்குப் போகும் யாழ்தேவி வவுனியாவோடு நின்றது. தண்டவாளமும் சிலீப்பர் கட்டையும் பதுங்கு குழிகளுக்குப் போயின. கடிதங்களும் அந்தச் சமயத்தில்தான் நின்றன. தாத்தா காலமாகும் வரை நண்பர் என்ன ஆனார் என்று எங்களுக்குத் தெரியவில்லை.

ஒன்று மட்டும் கடலைத் தாண்டி வந்துகொண்டே இருந்தது. அதுதான் இலங்கை வானொலி. டெல்டாவின் டீக்கடைகளில் கே.எஸ். ராஜாவும் பி.எச். அப்துல் ஹமீதும் சொந்த ஊர்க்காரர்கள் மாதிரிதான். ரேடியோ அலைக்கு விசா கேட்க முடியாதல்லவா!

இன்னொரு வாசல்

டெல்டாவுக்குக் கடல் தாண்ட இன்னொரு வாசலும் இருந்தது. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு. 1926-ல் கட்டப்பட்ட 'ரஜுலா' என்ற கப்பல் கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. தஞ்சாவூரிலிருந்து ரயிலில் நாகைக்கு வந்து ரஜுலாவில் ஏறினால், பினாங்குக்கு எதிரே பிறை என்ற ஊரிலிருந்து மலாயா ரயில். 1918-லேயே அந்த லைன் சயாமைத் தொட்டு பாங்காக் வரை போனது. 1923-ல் ஜொகூர் கடற்பாதை முடிந்ததும் ரயில் நேரே சிங்கப்பூருக்குள் போனது. நாகூர், திருவாரூர், மன்னார்குடி வீடுகளில் இன்றும் பினாங்குச் சாமான் ஏதாவது ஒன்று பரணில் இருக்கும். அந்த ரயில் பாதைகளுக்கும் ஒரு கறுப்புப் பக்கம் உண்டு. 1942–43-ல் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் போட்டபோது மலாயாவிலிருந்து பிடித்துக்கொண்டு போகப்பட்ட தமிழ்க் கூலிகள் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். அவர்களில் எத்தனையோ பேர் நாகையில் கப்பலேறியவர்களும் அவர்களின் பிள்ளைகளும்தான். ரஜுலாவுக்குப் பிறகு ஓடிய 'எம்.வி. சிதம்பரம்' 1985-ல் தீப்பிடித்ததோடு அந்த வாசலும் மூடியது. ஆக, ஒரு வருஷ இடைவெளிக்குள் டெல்டாவின் இரண்டு கடல் வாசல்களும் சாத்தப்பட்டன. நாமெல்லாம் பிறந்தது அதற்குப் பிறகு. 'வெளிநாடு' என்றால் மீனம்பாக்கம் என்று நாம் நினைத்ததில் ஆச்சரியம் இல்லை.

மறுபடி ஒரே அளவு

சண்டை முடிந்தது 2009-ல். அதற்குப் பிறகு நடந்ததை ஒரு இன்ஜினீயராக நான் சந்தோஷத்தோடு பார்க்கிறேன். வடக்கு இலங்கையின் லைன்களைத் திரும்பப் போட்டது இந்தியக் கடனுதவியில் நம் இர்கான் நிறுவனம். 2014 அக்டோபரில் யாழ்தேவி மறுபடி யாழ்ப்பாணம் வந்தது. 2015 ஜனவரியில் காங்கேசன்துறை. 2015 மார்ச் 14-ல் தலைமன்னார் ஜெட்டி ஸ்டேஷன் வரை ரயில் போய் நின்றது.

இந்தப் பக்கம் என்ன நடந்தது? 2007-ல் ராமேஸ்வரம் லைன் பிராட் கேஜ் ஆனது. 2010-ல் விழுப்புரம்–மயிலாடுதுறை முடிந்து மெயின் லைன் முழுக்க பிராட் கேஜ் ஆனது. 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றது. பக்கத்திலேயே 72.5 மீட்டர் நீளத் தூக்கு அப்படியே செங்குத்தாக மேலே எழும்புகிற புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6-ல் திறக்கப்பட்டது. தனுஷ்கோடிக்கு மறுபடி லைன் போட 2019-ல் அடிக்கல் நாட்டினார்கள், ஆனால் தண்டவாளம் வரவில்லை.

முதலில் குறித்துக்கொள்ளச் சொன்ன செய்தி இங்கேதான் வருகிறது. 1861-ல் நாகப்பட்டினத்தில் போட்ட அளவு 5 அடி 6 அங்குலம். 1870-களில் அதை மாற்றினோம். 1914-லிருந்து 1984 வரை, போட் மெயில் ஓடிய எழுபது வருஷமும், இக்கரையில் மீட்டர் கேஜ், அக்கரையில் பிராட் கேஜ். அளவு ஒத்துப் போகாத அந்தக் காலத்தில் மனிதர்கள் சர்வசாதாரணமாகப் போய் வந்தார்கள். இன்றைக்கு ராமேஸ்வரத்தில் நிற்கிற தண்டவாளமும் தலைமன்னாரில் நிற்கிற தண்டவாளமும் ஒரே அளவு, மில்லிமீட்டர் கூட வித்தியாசம் இல்லை. ஆனால் நடுவில் இருக்கிற கடலைத் தாண்ட அங்கே ஒரு கப்பல் கிடையாது. பொறியியல் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டது. மிச்சம் இருப்பது பொறியியல் இல்லை.

மன்னாரில் ஒரு வகுப்புத் தோழன்

இதையெல்லாம் பழங்கதையாக மட்டும் நான் எழுதவில்லை. எங்கள் பேட்ச்சில் முகாமிலிருந்து வந்து படித்த ஒரு நண்பன் இருந்தான். அவன் அப்பா அம்மா 1990-ல் மன்னாரிலிருந்து படகில் வந்து மண்டபம் முகாமில் இறங்கியவர்கள். தோட்டக்காரர்களைத் தொற்றுக்குச் சோதித்த முகாம், அழுகைக் கோச்சியில் வந்தவர்களை இறக்கிய முகாம், பிற்பாடு அகதிகளை வரவேற்றது. ஒரே இடத்துக்கு மூன்று சரித்திரம். ஹாஸ்டலில் அவன் கையால் பிட்டும் சொதியும் சாப்பிடாதவர்கள் எங்கள் பேட்ச்சில் இல்லை. 2016-ல் குடும்பத்தோடு ஊருக்குத் திரும்பிவிட்டான்.

அவனைப் பார்க்க 2025 மார்ச்சில் நாங்கள் மூன்று பேர் கிளம்பினோம். விமானம் இல்லாமல் போய் வரவேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டோம். தஞ்சாவூரில் ரயில். சாலியமங்கலம், நீடாமங்கலம், கொரடாச்சேரி, திருவாரூர், கீழ்வேளூர், சிக்கல், நாகப்பட்டினம். 1861-ல் போட்ட அதே வழி. நாகையிலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, சில நாளில் நின்று, 2024 ஆகஸ்ட் 16-ல் 'சிவகங்கை' என்ற கப்பலோடு மறுபடி ஓட ஆரம்பித்திருந்தது. மழைக்காலத்தில் நிறுத்தி, பிப்ரவரியில் திரும்ப விட்டிருந்தார்கள். சுமார் நாலு மணி நேரம். தாத்தாவின் நாதஸ்வரக்காரரைப் போலவே எங்களில் ஒருவன் வீறாப்புப் பேசிவிட்டுப் படுத்தான்.

காங்கேசன்துறையில் ரயிலேறி யாழ்ப்பாணம். அந்த ஸ்டேஷனில் இறங்கியபோது எனக்குத் தாத்தா ஞாபகம் வந்தது இயற்கைதான். அவருடைய நண்பரின் வீடு இருந்த தெருவில் விசாரித்தோம். பெரியவர் ஒருவர், "அவையள் கனகாலத்துக்கு முந்தியே கனடா போட்டினம், தம்பி" என்றார். அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை. அங்கிருந்து மன்னாருக்கு ரயில் என்றால் மதவாச்சி போய்ச் சுற்ற வேண்டும் என்பதால் பூநகரி வழியாக பஸ்.

நண்பன் எங்களைத் தலைமன்னார் ஜெட்டிக்கு அழைத்துப் போனான். ஸ்டேஷனில் தண்டவாளம் முடிகிறது. அதைத் தாண்டிப் பழைய ஜெட்டியின் மிச்சம், அப்புறம் கடல். "இஞ்ச நிண்டு பார்த்தா ராத்திரியில உங்கட பக்கத்து வெளிச்சம் சில நேரம் தெரியும் மச்சான்" என்றான். நேர்கோட்டில் ராமேஸ்வரம் ஐம்பது கிலோமீட்டருக்குள். நாங்கள் சுற்றி வந்த தூரம் அதைப்போல் ஆறு ஏழு மடங்கு. "ரீயூனியனுக்கு வாடா" என்று கூப்பிட்டோம். "கப்பல் ஓடினா வாறன், இல்லாட்டி கொழும்பு போய், பிளேன் பிடிச்சு, சென்னை வந்து, ரயிலேறி... ரெண்டு மாசச் சம்பளம் போயிடும்" என்றான். அவன் சொன்னதில் மிகை இல்லை.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

ராமேஸ்வரம்–தலைமன்னார் கப்பலை மறுபடி விடுவது அரசாங்கங்களின் வேலை. அதற்கு நாம் மனு போடலாம், போடவும் வேண்டும். ஆனால் நாமே செய்யக்கூடிய காரியங்களும் இருக்கின்றன.

நம் கல்லூரியில் படித்துவிட்டு இலங்கைக்குத் திரும்பியவர்களின் முகவரிகள் சங்கத்தின் பட்டியலில் இல்லை. நான் பார்த்தவரை, முகாமிலிருந்து வந்து படித்த மாணவர்களுக்குப் பழைய முகாம் முகவரிதான் இன்னும் அச்சாகிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு பேட்ச்சிலும் ஒருவர் பொறுப்பெடுத்துக்கொண்டால் இரண்டு மாதத்தில் சரிசெய்துவிடலாம். அடுத்த சந்திப்பை மார்கழி மழையில் வைக்காமல், நாகைக் கப்பல் ஓடக்கூடிய மாதத்தில் வைக்கலாம். அக்கரையிலிருந்து வருகிறவர்களின் கப்பல் கட்டணத்தைச் சங்க நிதியிலிருந்து கொடுக்கலாம். மேடைப் பந்தலுக்கும் பொன்னாடைக்கும் ஆகிற செலவோடு ஒப்பிட்டால் அது பெரிய தொகை இல்லை.

சென்னை–ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸ் ஒன்றை நம் மக்கள் இன்றைக்கும் போட் மெயில் என்றே சொல்கிறார்கள். கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகத்தான் அது போகிறது. கப்பல் நின்று நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் பெயரை யாரும் மாற்றவில்லை. அடுத்த மலர் வருவதற்குள் மன்னாரிலிருந்து ஒரு கட்டுரையாவது வாங்கிப் போட்டுவிட வேண்டும் என்பது என் ஆசை. எழுதச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், சரி என்றிருக்கிறான்.